பேயின் கூந்தலில் இருந்த ஆணி

செவ்வாய்க்கிழமை காலை குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேத்தி அபி தொலைபேசியோடு வந்து நின்றாள்.

"அம்மம்மா, மீரா அக்கா செத்துப்போனாவாம்."

"விசர்க்கதை கதையாதை" என்று ஏசினேன். ஞாயிறு பின்னேரம் இதே குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தவள். முப்பத்துநாலு வயது. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நாங்கள் குடியிருக்கும் ரோவிலில் எங்கள் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிய மீராவை உங்களில் பலருக்குத் தெரியும். கூந்தலில் ஆணி அடித்து மரத்தோடு கட்டிவைத்த பெண்பேயின் கதையை, வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகும் ஒருத்தியின் கதையாக மாற்றியிருந்தாள். அந்தப் பேய் என் அபி. அவள் பெரியபிள்ளையாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "குமர்ப்பிள்ளை பேய்வேஷம் கட்டினால் உண்மையாவே பிடிச்சுப்போடும்" என்று சண்டை பிடித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பேய் அண்டாமல் காவலுக்கு அவளுடைய பையில் ஓர் இரும்பாணியைப் போட்டுவிட்டேன்.

மீரா அதைக் கண்டு, ஆணியோடு வீட்டுக்கு வந்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பேயை ஏன் அம்மம்மா ஆணி அடிச்சு வைக்கிறவை?"

"வெளியாலை திரியாமல் இருக்கத்தான்."

"நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

"அஞ்சு. பெரியபிள்ளையானவுடனை வீட்டோடை மறிச்சுப்போட்டினம்."

கையிலிருந்த ஆணியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப உங்களுக்கும் ஆணி அடிச்சுத்தான் வச்சிருக்கினம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் எழும்பிப் போய் அழுதேன்.

அதன்பிறகு கடைசிக் காட்சியை மாற்றினாள். முன்பு மந்திரவாதி வந்து ஆணியைப் பிடுங்குவான். இப்போது பேயே பிடுங்கும். பிடுங்குவது என் ஆணியை. ஞாயிற்றுக்கிழமை என் முன்னால்தான் பழக்கினாள். "ஒருத்தரும் வந்து பிடுங்கமாட்டினம் அபி. நீதான் பிடுங்கோணும்." போகும்போது ஆணியை மேசையில் மறந்து விட்டுவிட்டாள். திரும்ப வந்து எடுப்பாள் என்று நானும் தொடவில்லை.

வருகிற சனிக்கிழமை நாடகம். "அக்கா இல்லாமல் நான் நடிக்கமாட்டன்" என்று அபி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வயதில் கதவுக்குள் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நடிக்காதே என்று மறித்த நானே போய்த் தட்டினேன்.

"ஒருத்தரும் வந்து பிடுங்கமாட்டினம் பிள்ளை. நீதான் பிடுங்கோணும்."

பிறகு கதவு திறந்தது.

மீராவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வசனம்தான். ஆணி இன்னும் மேசையில் கிடக்கிறது. சனிக்கிழமை என் கையாலேயே அதை அபியின் கூந்தலில் செருகிவிட்டு, முன்வரிசையில் போய் இருப்பேன்.