தனிக்குடித்தனத் தொட்டி

என் மாமனார் வரதட்சணை என்று ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கேட்கவில்லை. கேட்டது கடல் தண்ணீர். பெண் பார்க்கத் தூத்துக்குடிக்கு வந்தவர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா உங்க ஊர் கடல் தண்ணி சுத்தமா இருக்குமா?" என்று அப்பாவிடம் விசாரித்தார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று அப்பா நினைத்தார். கல்யாணம் முடிந்து நாங்கள் ரயில் ஏறியபோது சீர்ப் பாத்திரங்களோடு சில கேன் கடல் தண்ணீரும் ஏறியது. எதிர் இருக்கைக்காரர் குடிதண்ணீர் என்று நினைத்து ஒரு டம்ளர் கேட்டார். மாமா பதறிப்போய், "நக்கோ, நக்கோ, இது மீனுக்கு" என்றார்.

அவர்கள் ஹைதராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை. மாமா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரெட்பள்ளி வீட்டில் வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹவ், ஏன் என்றால் கைக்கு. வந்த புதிதில் அவர் "கைக்கு அவசரம்?" என்று கேட்டபோது என் கைக்கு என்ன ஆயிற்று என்று வளையலைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கடல் மீன் குழம்பில் கிடக்கும். இந்த வீட்டில் அது ஹாலில், கண்ணாடித் தொட்டியில், விளக்குப் போட்டுக்கொண்டு நீந்தியது. டிவிக்கு எதிரே சோபா போடுவது ஊர் வழக்கம். இங்கே சோபா தொட்டியைப் பார்த்துக் கிடந்தது, டிவியைக் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் மீன் ஒன்று, நீலத்தில் இரண்டு, வாயைத் திறந்து மூடியபடி ஒரு கிழட்டு மீன். தூத்துக்குடிக்காரி என்பதால் எனக்கு எல்லா மீனின் ஜாதகமும் தெரியும் என்று மாமா நம்பினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எதை வறுக்கலாம், எதைக் குழம்பு வைக்கலாம் என்பதுதான். அதை அந்த வீட்டில் சொல்ல முடியுமா?

நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் மாமா கடையிலிருந்து ஒரு புது மீனை வாங்கிவந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. அவர் வைத்த பெயர் ஜோக்கர். பிளாஸ்டிக் கவரில் இருந்ததை நேரே ஹால் தொட்டியில் விடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தால், விடவில்லை. புது மீன் ஒரு மாதம் தனியாக இருக்க வேண்டுமாம். வெளியே தெரியாமல் நோய் கொண்டுவந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடுமாம். ஒருமுறை ஆசையில் ஒரு மீனை வந்த அன்றே பெரிய தொட்டியில் விட்டு, உப்புத் தூவினதுபோல எல்லா மீனுக்கும் வெள்ளைப் புள்ளி வந்து, தொட்டியே காலியானது. அப்போது மாமா இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை என்று அத்தை சொன்னார்.

சரி, தனித்தொட்டியை எங்கே வைப்பது? பெரிய தொட்டியின் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இதில் படக்கூடாது, இதன் தண்ணீர் அதில் படவே கூடாது. அதனால் ஹால் இல்லை. அடுப்படிக்குள் விட மாட்டேன் என்று அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். மிச்சம் இருந்தது மாடியில் எங்கள் அறை. ஓய்வு பெற்ற பணத்தில் மகன் கல்யாணத்துக்கென்று மாமா பார்த்துப் பார்த்துக் கட்டின அறை அது. கல்யாணமான புதுசில் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மீன் குடிவந்தது.

அத்தை தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தனிப் பம்ப், தனி ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளம்பிங் பைப், தனி வலை, தண்ணீர் மொள்ளத் தனி மக்கு.

"என்னை வந்தன்னிக்கே அடுப்படியில விட்டாங்க. முப்பது வருஷமா எனக்குக் கிடைக்காத தனிக்குடித்தனம் இந்த மீனுக்கு வந்தன்னிக்கே கிடைச்சுதே" என்றார்.

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் யாரும் தனித்தொட்டி என்று சொல்லவில்லை. "தனிக்குடித்தனத்துக்குத் தண்ணி மாத்தியாச்சா?" "தனிக்குடித்தனத்துல கைய விட்டவங்க சோப்புப் போட்டுக் கழுவுங்க."

தினமும் காலையில் கதவு தட்டப்படும். திறந்தால் மாமா, கிண்ணத்தில் பொடியாக நறுக்கின இறாலோடு. "சாப்பிட்டாச்சா?" என்பார். மீனைத்தான். முதல் சில நாட்கள் ஜோக்கர் பைப்பை விட்டு வெளியே வரவில்லை, இறாலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமா குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "கைக்கு? கைக்கு சாப்பிடலை நீ?" என்று அத்தனை கெஞ்சலாகக் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்திரி முழுக்கப் பம்ப் குளுகுளுவென்று சத்தம், விடிந்தால் இவர். நான் அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்துக்கொண்டிருந்தேன். அரைகுறையாக வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற என்னை ஒருவர் ஒருநாள் சாப்பிட்டாயா என்று கேட்டதுண்டா என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் ஆபீஸ் மாதாப்பூரில். மாரெட்பள்ளியிலிருந்து ஊரின் இன்னொரு மூலைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வந்து ஆள் பாதியாகியிருந்தார். அவர் ஆபீஸுக்குக் கிட்டத்தில், குகட்பள்ளியில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். பிடித்திருந்தது. வீட்டுக்காரர் பதில் கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவிடம் சொல்வது யார்? அவர் கட்டின அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்த அறை வேண்டாம் என்று அவரிடமே எப்படிச் சொல்வது? எனக்கு வாய் நீளம்தான், ஆனால் அதற்கு மட்டும் வாய் வரவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அவர் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது.

இந்தச் சமயத்தில்தான் அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். லைனில் ஒரே இரைச்சல். என்ன விசேஷம் என்றாள். நான் அமீர்பேட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "தனிக்குடித்தனம் வச்சாச்சும்மா, அதான் விசேஷம்" என்றேன்.

"ஏட்டி, நெசமாவா சொல்லுத? எங்கன?"

"எங்க ரூம்லதான். எடம் வேற ஏது?"

"ஒரே வீட்டுக்குள்ளயா? அடுப்பு?"

"அடுப்பு எதுக்கு? ஹீட்டர் இருக்கு."

"அப்ப சாப்பாடு?"

"மாமாவே காலையில எறாலை நறுக்கிக் கொண்டாந்து போட்டுருவாரு."

"சம்பந்தி கையாலயா?" என்றாள் அம்மா.

"ஒரு மாசந்தாம்மா. நோய் நொடி ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் எல்லாரோடயும் சேத்துருவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நான் வீடு திரும்பினபோது மாமா ஹாலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹவ் சம்பந்தியம்மா, ஹவ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அம்மா. என் பிள்ளை செல்லமாக வளர்ந்தவள், தனிக்குடித்தனம் அது இதென்று பேசியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், எறாலெல்லாம் நீங்கள் நறுக்க வேண்டாம், அவளுக்கு என்ன நோய் என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று அழுதிருக்கிறாள்.

மாமா மீன் கதையை அவளுக்கு விளக்கிவிட்டுப் போனை வைத்தார். வைத்ததும் சிரிக்கத் தொடங்கினார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் சிரித்தேன். அதிசயமாக அன்று சீக்கிரம் வந்திருந்த என் கணவர் மட்டும் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு.

மாமா சிரிப்பை நிறுத்தினார். "நீ கைக்குடா சிரிக்கலை?"

என் கணவர் என்னைப் பார்த்தார். இனி மறைத்து என்ன பிரயோஜனம்? நான்தான் சொன்னேன். "அம்மா தப்பா புரிஞ்சுக்கிட்டா மாமா. ஆனா குகட்பள்ளியில ஒரு வீடு பாத்து வச்சிருக்கோம். இவுக உடம்பு தாங்கலை. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தோம்." சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா எழுந்து மாடிக்குப் போனார். ஜோக்கரிடம் போய் என்ன பேசினாரோ, வெகுநேரம் கழித்து இறங்கிவந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாசம் முடியலை. நடுவுல தொட்டியை அசைக்கக்கூடாது. முடிஞ்சதும் போங்க" என்றார்.

அந்த மிச்ச நாட்கள் எனக்கு நகரவே இல்லை. மாமா வழக்கம்போல வந்தார், இறால் போட்டார், போனார். ஜோக்கர் இப்போது கதவுச் சத்தம் கேட்டாலே மேலே வந்து வாயைத் திறந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பெரிய தொட்டியில் விட்டார். பழைய மீன்கள் வந்து ஒரு சுற்று முகர்ந்துவிட்டுப் போயின. "மாமியார் மெச்சிட்டா" என்றார் அத்தை.

அடுத்த வாரம் எங்கள் சாமான்களை டெம்போவில் ஏற்றினோம். பீரோ ஏறியது, கட்டில் ஏறியது. பின்னாலேயே மாமா காலித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே பம்ப், வலை, மக்கு எல்லாம்.

"இது அங்க எதுக்கு மாமா?"

"புது மீன் வாங்கினா எங்க வைக்கிறது? பெரிய தொட்டிக்கு எட்டத்தில இருக்கணும். குகட்பள்ளி சரியான தூரம்" என்றார். "ஒரு மாசம் அங்க இருக்கட்டும். அப்புறம் நீங்க இங்க கொண்டாந்து விடணும். நீங்களே வரணும், யார்கிட்டயும் குடுத்தனுப்பக்கூடாது."

அந்த மனுஷர் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தை திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன சூட்டோடு புது மீனும் வந்தது, ஊதா உடம்பில் மஞ்சள் வால் வைத்த ஒன்று. கதவு தட்டுவதற்குப் பதில் காலையில் போன் அடித்தது. "சாப்பிட்டாச்சா?" ஹவ் மாமா, ரெண்டு துண்டு தின்னுச்சு. "புள்ளி?" ஒண்ணும் இல்லை. வைத்துவிடுவார். மாதம் முடிந்ததும் மீனை வாளியில் வைத்து, என் மடியில் இருத்திக்கொண்டு ஆட்டோவில் மாரெட்பள்ளிக்குக் கொண்டுபோனோம். அத்தை மீன் குழம்பு வைத்திருந்தார், ஹால் மீன்கள் பார்க்காதபடி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு.

மறுநாள் காலை, நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சாப்பிட்டாச்சா?"

வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "மாமா, மீனைத்தான் நேத்தே அங்க விட்டாச்சே. தொட்டி காலி."

"தெரியும்மா. என் எதிர்லதான் இருக்குது, சாப்பிட்டுச்சு. நான் உன்னைக் கேக்கறேன்."

எனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இன்னும் இல்லை மாமா."

"கைக்கு?" என்றார், பைப்புக்குள் இருந்த ஜோக்கரிடம் கேட்ட அதே குரலில். "கைக்கு சாப்பிடலை நீ?"

நான் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன்.