கிணற்றோரத்து அறுகம்புல்

சிராங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டகைகள் நிறைந்திருந்த காலம் அது. எங்கள் கொல்லையில் முளைக்கும் லாலாங் புல், கோரை, தொட்டாற்சுருங்கி எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவேன். கிணற்றோரத்து அறுகம்புல்லை மட்டும் தொடமாட்டேன். அது பிள்ளையாருக்கு.

ஒரு வருடம் சதுர்த்தி நெருங்கும்போது காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து கொல்லைக்குப் போனால் கிணற்றோரம் வெறும் மண். பக்கத்து வீட்டு மலாய்க்காரி மினா அங்கே நின்றிருந்தாள். எங்களிடம் பால் வாங்கி வாங்கியே தமிழ் பழகியவள்.

“நாளைக்கு உங்க பெருநாள் இல்லையா அக்கா? அதான் கொல்லை சுத்தமா இருக்கட்டும்னு புல்லெல்லாம் பிடுங்கிக் குப்பையில போட்டுட்டேன் லா.”

“உன்னை யாருடி கேட்டா? சாமிக்கு வச்சிருந்த புல்லு! இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதே!”

அவளுடைய உள்ளங்கைகள் கீறிச் சிவந்திருந்தன. திரும்பிப் போய்விட்டாள்.

மண்ணுக்குள் ஒரு கணு தங்கினாலும் அறுகம்புல் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் களை பிடுங்கிய எனக்கு அந்த நேரம் அது தோன்றவில்லை. அடுத்த மாதமே கிணற்றோரம் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது.

மினா வரவில்லை. அவள் நடந்து நடந்து புல் முளைக்காமல் கிடந்த ஒற்றையடித் தடத்தை லாலாங் மூடிவிட்டது. அந்தத் தடத்தில் நானாவது நடந்து போயிருக்கலாம்.