இன்சூரன்ஸ்காரரை வழியனுப்பியது

அறுபதுகளின் தொடக்கத்தில், திருத்தங்கலில் நான் கணக்கு எழுதிவந்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. தீ என்னைத் தொடவில்லை. சுவர்தான் மேலே விழுந்தது. அதிலிருந்து கைகள் நடுங்கின. நாலு எட்டு வைத்தால் தலை சுற்றியது. இனி வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் எழுதித் தந்தார். உதவித்தொகை தர இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு அது போதவில்லை. ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்றார்கள்.

உதவித்தொகை வராவிட்டால், எட்டாவது படிக்கும் மகளை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஒட்ட வைக்க வேண்டும். அதற்கான அட்டைக்கட்டு பக்கத்து வீட்டிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டது. அந்தக் கட்டின்மேல் நோட்டை வைத்துத்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள்.

மதுரையிலிருந்து அதிகாரி வரும் நாளில் மனைவி எனக்குச் சவரம் செய்ய ஆள் வரவழைத்து, சலவைச் சட்டை போட்டுவிட்டாள். வீட்டுக்கு வருகிறவரைப் படுத்துக்கொண்டா வரவேற்பது? வாசலில் நின்று கும்பிட்டேன். இருந்த ஒரு நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டேன். "உங்களால நிக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று நின்றபடியே சொன்னேன். கிளம்பியவரைத் தனியே விட மனமில்லை. அவர் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். பஸ் திரும்பியதும் சோடாக் கடை வாசலில் விழுந்தேன்.

தாங்கள் பை சுமந்து நடந்ததை நேரில் கண்டமையால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது.

மேல்முறையீடு எழுதிப்போட்டோம். மறுபடியும் அதே அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. "வாங்கன்னுகூடச் சொல்லாதீக. எந்திரிச்சீகன்னா நானே வெளிய போயிருவேன்" என்றாள் மனைவி. நான் பாயில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெயிலில் வந்து வேர்த்து உட்கார்ந்திருந்தார். யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் மனைவிக்கே பொறுக்கவில்லை. மோர் கொண்டுவந்தாள். வெளி ஆணிடம் நேராக நீட்டி அவளுக்குப் பழக்கமில்லை. வழக்கம்போல என்னிடம் தந்தாள். நான் வாங்கி அவரிடம் நீட்டினேன். கை உதறி, மோர் முழுவதும் அவருடைய காகிதங்களிலும் மடியிலும் கொட்டியது. பதறித் துடைக்க எழுந்தவன் அவர் காலிலேயே விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

அவரும் மனைவியும் சேர்ந்துதான் தூக்கினார்கள். மூச்சு வாங்கியபடி அதிகாரி கேட்டார்: "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுலருந்து எப்படித் திரும்பி வந்தீங்க?"

நான் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள்தான் சொன்னாள்: "தள்ளுவண்டியில தூக்கிட்டு வந்தாக சார். வெங்காய மூட்டைக்கு மேல போட்டு."

நனைந்த தாளில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, "தயவுசெஞ்சு படுத்தே இருங்க" என்று சொல்லி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

அடுத்த மாதம் அனுமதி வந்தது. மகள் அன்றைக்கே அட்டைக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு நோட்டை வைக்க மேடையில்லாமல், தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினாள்.