கிளிப் போடும் இலோனா

ஆற்று வளைவில் கப்பலின் முனை தெரிந்ததும் இலோனா சாபோ முதலில் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைப்பார். அதன் பிறகுதான் மணி அடிக்கும், தடுப்புக் கட்டை இறங்கும், பாலம் நடுவில் பிளந்து இரண்டு கைகளாக மேலே எழும்பும். இயக்கும் அறையின் இரும்புத் தரையில் வெறும் காலுறையோடு நின்றால் பாலத்தின் அசைவு உள்ளங்காலில் தெரியுமாம். "மீட்டர் முள்ளு பொய் சொல்லும்பா, கால் சொல்லாது" என்பார். கோதுமை ஏற்றிய கப்பல் மூடுபனியிலிருந்து வந்து மூடுபனிக்குள்ளேயே போகும். சில நாள் கப்பலே தெரியாது. கொடிக்கம்பம் மட்டும் கூரைகளுக்கு மேலே தனியாக மிதந்து போகும். அதைப் பார்த்தபடி வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு அவர் நிற்பார். டொலீடோ ஊரில் பாதிப் பேர் வேலைக்குத் தாமதமாகப் போவதற்கு இந்த அம்மாள்தான் காரணம். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தேழு. வாரமெல்லாம் ஊரை நிறுத்தி வைக்கிறவர், எங்கள் ஃபெர்ரிமென் அணி சொந்த மண்ணில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு மைதானத்தின் ஓரத்தில் ஓடுகிறார். நாங்கள் நால்வர் சங்கிலிக் குழு. எங்கள் ஊர்க் கால்பந்து பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்; பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜம் எங்கள் கையில் இருக்கிறது. பத்து கஜச் சங்கிலி, இரண்டு நுனியிலும் இரண்டு கம்பு. முன் கம்பு தபால்காரன் லெமுவெலிடம், பின் கம்பு அவன் மச்சினனிடம். எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண் பலகை என்னிடம். இலோனாவிடம் இருப்பது ஒரு கிளிப். துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் மானம் அந்தக் கிளிப்பில் இருக்கிறது. மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சங்கிலி அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில் இலோனா கிளிப்பை மாட்டிவிடுவார். ஆட்டக்காரர்கள் எங்கள் மேல் வந்து விழுந்தால் கம்பைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான், எலும்பு முக்கியம். திரும்பி வந்து கிளிப்பைக் கோட்டின் மேல் வைத்தால் சங்கிலி பழைய இடத்துக்கே வந்துவிடும். பந்து பத்து கஜம் தேறியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அந்தக் கிளிப்பைப் பிடித்துத்தான் சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுபோய் அளப்போம். கிளிப் விழுந்த சங்கிலியை வைத்து அளக்கக் கூடாது. அப்போது நடுவர் கண்ணால் பார்த்து முடிவு சொல்வார்.

நாங்கள் உள்ளூர்க்காரர்கள்தான், ஆனால் கைதட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. போதாக்குறைக்கு எங்களை எதிரணி நிற்கும் பக்கத்தில் நிறுத்துவார்கள். எங்கள் அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் இலோனா சட்டென்று குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். சிரிப்பை மறைக்கத்தான். அந்த வருஷம் முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி. கயிற்றுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் ட்ரேகர் என்று ஒரு புதுப் பயிற்சியாளர் தாக்கி ஆடும் பிரிவைக் கையில் எடுத்தார்; தடுத்து ஆடுவது வேறு பிரிவு. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடி ரகசியம் பேசுவது வழக்கம். அதை எடுத்துவிட்டார். கூட வேண்டாம், பேச வேண்டாம், விழுந்தவன் எழுந்ததும் வரிசையில் நின்று அடுத்த பந்தை எடு. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஹங்கேரிக்காரர் உணவகத்தில் இறைச்சி பொதிந்த முட்டைக்கோஸ் சுருளை வெட்டிக்கொண்டே லெமுவெல் குதித்தான்.

"எதிராளி மூச்சு விடறதுக்குள்ள அடிக்கணும்! இத்தனை வருஷமா நாம பேசிப் பேசியே தோத்தோம்."

இலோனா மிளகாய்த்தூள் மிதக்கும் சூப்பை ஊதிக்கொண்டிருந்தார். "வேகமா ஜெயிச்சா சரி, லெமு. வேகமா தோத்தா?"

"தோத்தா என்ன? எப்பவும் தோக்கறதுதானே!"

"நாலு முயற்சியும் ஒரு நிமிஷத்துல வீணாப் போச்சுன்னு வெச்சுக்க. நம்ம தடுப்புப் பசங்க அப்பத்தான் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கல, மறுபடி உள்ள போகணும். கடைசிக் கால் மணியில அவங்க கால்ல ஈயம் ஊத்தின மாதிரி ஆயிடும்."

"பாலத்தைத் தூக்கறவளுக்கு வேகத்தைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"காத்திருக்கிறவன் எப்ப களைச்சுப் போவான்னு எனக்குத் தெரியும்டா."

வேக ஆட்டத்தின் முதல் நாள் அவர் சொன்னதே நடந்தது. நாற்பத்தைந்து புள்ளி வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆனால் அடுத்த சொந்த மண் ஆட்டத்தில் இலோனா வேறொன்றைப் பார்த்தார். தொலைக்காட்சிக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் நிபுணர்களுக்கும் அது தெரியாது. அவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள், இவர் கைகளைப் பார்க்கிறார். "ஆறாவது பந்து வரைக்கும் எதிராளித் தடியனுங்க கை தொடையில இருக்குப்பா. ஏழாவதுல இடுப்புக்குப் போயிடுது. கை இடுப்புக்குப் போச்சுன்னா அவன் ஆட்டத்துல இல்ல, வீட்டை நெனச்சுக்கிட்டிருக்கான்." முதல் பத்து கஜம் தேறினால் வேகம் மருந்து, தேறாவிட்டால் அதுவே விஷம். எங்கள் பையன்களுக்கு மெல்ல மெல்லத் தேற ஆரம்பித்தது. அடுத்த ஏழு ஆட்டமும் ஜெயித்தோம். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட கால்பந்துப் பேச்சிலேயே உருப்படியானது இலோனாவின் இந்தக் கைக் கணக்குதான்.

அந்த நாட்களில் எங்கள் ஆறு போய்க் கலக்கும் ஏரியைப் பற்றி அவருக்கு ஒரு கனவு வந்துகொண்டே இருந்தது. காலைக் காப்பியோடு அதைச் சொல்வார். "நேத்தும் ஏரி மேல கோடு போட்டிருந்தாங்க. அஞ்சு கஜத்துக்கு ஒரு கோடு, கனடா வரைக்கும். தண்ணி மேல நான் நடக்கறேன், கிளிப்பை எங்க போடறதுன்னு தெரியல. யாரும் அவசரப்படுத்தல. அதான் நல்லா இருந்துச்சு." சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காப்பி ஆறிப்போகும்.

மைதானத்தில் அவசரப்படுத்த ஆள் இருந்தது. ஆட்டம் வேகமாகிவிட, நாங்கள் சங்கிலியோடு நாய் போல இரைக்க இரைக்க ஓடினோம். இரண்டு தடவை இலோனா பிந்திவிட்டார். போட்டி நடத்தும் அமைப்பின் கண்காணிப்பாளர் ஹாலிடே வந்து, மரியாதையாகவே சொன்னார்.

"மிஸ் சாபோ, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா இன்னொரு தடவை கிளிப் இல்லாம சங்கிலி நின்னா, அடுத்த வருஷம் வேற ஆளைத்தான் போடணும்."

"புரியுதுங்க."

லெமுவெல் தாங்கமாட்டாமல் சொன்னான்: "நம்ம டீம் நல்லா ஆட ஆட உன் இடத்துக்கு உலை வெக்குது பாரு, இலோனா."

"ஆடட்டும்டா. நான் ஓடிக்கிறேன்."

நிஜமாகவே ஓடினார். கப்பல் இல்லாத நேரத்தில் பாலத்து நடைபாதையில் நீளமாக ஒரு கயிற்றைக் கட்டி, ஓடுவது, குனிவது, மாட்டுவது, நிமிர்வது என்று பழகினார். வண்டியில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். அந்த ஓர மண்ணில் ஞாயிறு மதியம் நிற்பதைவிடப் பெரிய சந்தோஷம் அவருக்குக் கிடையாது. எழுபதாயிரம் பேர் கத்துவது அங்கே கடல் மாதிரி கேட்கும் என்பார். அதை இழந்தால் அவர் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அடுத்த சுற்று, தோற்றால் வீடு. பனி பெரிய பெரிய செதில்களாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு புள்ளி பின்னால் இருந்தோம், ஒன்றரை நிமிடம் மிச்சம். எங்கள் பையன்கள் பறந்தார்கள். பத்து கஜம் தேறியது, நாங்கள் ஓடினோம். கம்புகள் நின்றன, சங்கிலி விறைத்தது, இலோனா குனிந்தார். அதற்குள் அடுத்த பந்தை எடுத்துவிட்டார்கள். அது எங்களை நோக்கியே வந்தது. கோட்டுக்கு உள்ளே விழுந்த ஆறு பேர் பனியில் வழுக்கி எங்கள் கால்களுக்குள் புகுந்தார்கள். லெமுவெலும் மச்சினனும் கம்பை எறிந்துவிட்டுத் தாவினார்கள். நான் இலோனாவின் மேலங்கியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். மைதானத்துக்கு உள்ளேயே விழுந்ததால் விதிப்படி கடிகாரம் நிற்கவில்லை, பையன்கள் காத்திருக்கவில்லை. நாங்கள் கம்புகளைத் தோராயமாக ஊன்றினோம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்காவதில் ஒரு மலைபோல ஆள்கள் குவிந்தார்கள், விசில் ஊதியது.

ஆள்களை ஒவ்வொருவராக விலக்கிப் பந்தைக் கண்டுபிடித்தார் நடுவர். பந்து தேறியதா? கண்ணுக்கு ஒரு சாண் குறைவாகத்தான் தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார்: அளக்க வாருங்கள்.

இலோனா சங்கிலியின் பக்கத்தில் மண்டியிட்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன், அதனால் பார்த்தேன். சங்கிலியில் கிளிப் இல்லை. நான் இழுத்தபோது மாட்டாமல் விட்ட அது அவருடைய இடது கையுறைக்குள் இருந்தது. மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், யாருக்கும் தெரியாது. முன் கம்புப் பக்கமாக ஒரு சாண் தள்ளி மாட்டினால் போதும். கம்பு ஒரு சாண் பின்வாங்கும், பந்து தேறிவிடும், ஊர் ஜெயிக்க வழி பிறக்கும், ஹாலிடேக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

லெமுவெல் உதட்டை அசைக்காமல் முனகினான். "போடு, இலோனா. இடம் உனக்குத் தெரியும்ல? போட்டுடு."

"தெரியாது, லெமு."

"உத்தேசமாப் போடும்மா! யாரு கேக்கப் போறா?"

நானும் மனதுக்குள் போடு, போடு என்றுதான் கெஞ்சினேன். அதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சங்கிலி மேல் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து, நடுவரிடம் நடந்து போனார். இடது கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். கையை நீட்டி விரல்களை விரித்தார். கிளிப்பின் பற்கள் அழுந்திச் சிவந்திருந்த உள்ளங்கையில் அந்தக் கிளிப் இருந்தது.