மெக்ரியில் மிஞ்சிய ஊசி

மஹ்ரோக்கின் காரில் ஏறும் பெண்கள் முதல் பாடத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வார்கள்: அவள் கத்த மாட்டாள். லாரிக்கு நேர் முன்னால் கிளட்சை விட்டு வண்டியை நிறுத்தினால்கூட, "ஒண்ணும் ஆகலம்மா, மறுபடி சாவியத் திருப்பு" என்பாள். தெஹ்ரானை ஒட்டிய கரஜ் நகரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எதற்கும் பதறாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். பெருந்தொற்றின் இரண்டாம் வருடத்தில் அந்தப் பெயர் போயிற்று.

காரணம் அவள் கணவர் இஸ்ஃபந்தியார். பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது மஹ்ரோக் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை விழுங்கினார். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காத்தன. ஆனால் நோயை எதிர்க்கும் தெம்பைக் கரைத்துவிட்டன. சாதாரணச் சளி பிடித்தாலே அவரைப் படுக்கையில் கிடத்திவிடும். இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்க மஹ்ரோக்குக்குத் தைரியம் வரவில்லை.

தடுப்பூசி வந்துவிடும் என்று எல்லோரையும் போல அவளும் காத்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு நாடுகளின் ஊசி நம் மண்ணுக்குள் வரக்கூடாது என்று ஆட்சியாளர்கள் அறிவித்தார்கள். பொருளாதாரத் தடையால் மற்ற நாடுகளுக்கும் பணம் அனுப்ப முடியவில்லை என்றார்கள். மருந்துக்குத் தடையே கிடையாது என்று தடை போட்டவர்கள் சொன்னார்கள். ஊசி தருவதாக வாக்குக் கொடுத்த இன்னொரு நாடு, தன் மக்களுக்கே போதவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி இன்னொருவரைக் குறை சொன்னார். தெருவில் இறந்தவர்களுக்காகக் கட்டும் கறுப்புத் துணித் தட்டிகள் பெருகிக்கொண்டே போயின. மாடிவீட்டுக்காரர் போனார். ரொட்டிக் கடைக்காரரின் தம்பி போனார்.

கோடை தொடங்கும்போது, உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் ஊசி போட வரலாம் என்று இஸ்ஃபந்தியாரின் போனுக்குச் செய்தி வந்தது. விளையாட்டு அரங்கில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. மஹ்ரோக் கணவருக்கு இரண்டு முகக்கவசம் மாட்டி, கூட்டத்தை விட்டு ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தான் போய் நின்றாள். வெயில் ஏறிய பிறகு ஓர் அதிகாரி வெளியே வந்து, எதிர்பார்த்த சரக்கு வரவில்லை, வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

முன்னால் நின்ற ஒரு பெரியவர் நகரவில்லை. "அவன் பணம் அனுப்ப விடலைன்னு நீங்க சொல்றீங்க. நான் விட்டுட்டேனேன்னு அவன் சொல்றான். நான் யார நம்பிச் சாகறது, அதச் சொல்லுங்க தம்பி."

"என்னக் கேட்டா எப்படிங்க ஐயா. எங்கம்மாவுக்கே இன்னும் போடல" என்றார் அதிகாரி.

"எங்கப்பா எந்த நாட்டு ஊசின்னு கேக்கல. ஏதாவது ஒண்ணு கிடைக்குமான்னுதான் கேட்டார். போன வாரம் புதைச்சோம்" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

அந்த வாரமே செபிதே என்ற மாணவி காரில் இருமினாள். தூசி என்றாள். மஹ்ரோக் ஜன்னல்களை முழுக்க இறக்கிவிட்டுப் பாடத்தை முடித்தாள். மறுநாள் மஹ்ரோக் வெளியே இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், எனக்கு அதுதானாம். உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

மஹ்ரோக் வீட்டுக்குள் போகவில்லை. மொட்டை மாடியில் இருந்த சாமான் அறையில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு தங்கினாள். இஸ்ஃபந்தியார் சோற்றுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போவார். அவர் படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். தன் தொண்டையில் கரகரப்பு தட்டினால் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நான் கொடுத்த சிறுநீரகத்தை நானே கொன்றுவிடுவேனோ என்ற நினைப்பு பகலெல்லாம் கூடவே இருந்தது. சோதனையில் நோய் இல்லை என்று வந்த நாளில்தான் கீழே இறங்கினாள். கணவரைத் தொடாமல் சுவரோரம் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள்.

"ஆர்மீனியா போயிடலாம்" என்றாள் பிறகு. அங்கே வெளியூர்க்காரர்களுக்கும் ஊசி போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது.

"ஊசிக்காக நாடு விட்டு நாடா?" இஸ்ஃபந்தியார் சிரித்தார். "அராஸ் ஆத்தப் பசங்களுக்கு வருஷா வருஷம் வரைபடத்துல காட்டினவன் நான். நேர்ல பாத்ததே இல்ல. சரி, இந்தச் சாக்குல பாத்துடுவோம்."

"விளையாடாத இஸ்ஃபந்தி. எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

"எனக்கு மட்டும் வருதுன்னு நினைக்கிறியா?" என்றார். அவர் பயந்திருக்கிறார் என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

கட்லட்டும் ரொட்டியும் வெள்ளரிக்காயும் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் எங்கும் கடையில் உட்காரவில்லை. எல்லைக்குப் பக்கத்து ஊரான ஜோல்ஃபாவில் சோதனை செய்து, தொற்று இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு, எல்லையில் காரை நிறுத்திவிட்டுப் பாலத்தின் மேல் நடந்தார்கள். அராஸ் கலங்கலாக ஓடியது. இஸ்ஃபந்தியார் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. முன்னால் போன ஒருவர் தும்மியதிலிருந்து அவர் கண் அந்த முதுகை விட்டு நகரவில்லை.

மெக்ரி, மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஆர்மீனிய ஊர். அங்கே ஊசி வேன் நின்ற சாலையோரம் முழுக்கத் தெஹ்ரானும் தப்ரீஸும் கரஜும் படுத்துக் கிடந்தன. மருத்துவர்கள், வியாபாரிகள், குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மார்கள். ஊர்க்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசலில் குப்பை போடுகிறார்கள் என்று திட்டவும் செய்தார்கள். மறுநாள் மாலை வரிசை வேனை நெருங்கியபோது ஒரு பேச்சு பின்னாலிருந்து முன்னால் ஓடிவந்தது: நாளையிலிருந்து, பத்து நாள் இந்நாட்டில் தங்கியவர்களுக்குத்தானாம். மக்கள் முண்டியடித்தார்கள். முகக்கவசங்கள் கழன்றன. மஹ்ரோக் இரண்டு கையையும் விரித்துக் கணவரைச் சுற்றி வேலி போல நின்றாள். "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்று கத்தினாள். வாழ்நாளில் அவள் அப்படிக் கத்தியதில்லை.

அவர்கள் முறை வந்தபோது வேனிலிருந்த பெண் மருத்துவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லை லாரிக்காரர்களிடம் பழகிய பாரசீகம் அவருக்குக் கொஞ்சம் வந்தது. "ஒருத்தருக்குத்தான் இருக்கு. நாளைக்குச் சட்டம் மாறுது. யாருக்கு?"

"இவருக்கு. இவர் உடம்புல இருக்கறது மாத்தி வச்ச சிறுநீரகம்" என்று மஹ்ரோக் கணவரின் சட்டைக் கையைத் தானே மடித்தாள்.

மருத்துவர் ஊசியை எடுக்கவில்லை. "மாத்திரை சாப்பிடறாரா?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா, மறைக்காம சொல்றேன். அந்த மாத்திரை இருக்கற உடம்புல இந்த ஊசி பாதி பேருக்குப் பிடிக்கறதே இல்ல. போட்டாலும் போடாத மாதிரிதான். பிடிக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியாது. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

இத்தனை தூரம் வந்தது இதைக் கேட்கவா? பின்னால் ஆட்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். ஒருவன், "நீங்க வேண்டாம்னா நகருங்க" என்றான்.

இஸ்ஃபந்தியார் தன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "அவளுக்குப் போடுங்க."

"பைத்தியமா உனக்கு? உனக்காகத்தான் வந்தோம்."

"கேளு மஹ்ரோக். நான் வீட்ட விட்டு வெளிய போறதில்ல. நோய் என்கிட்ட வரணும்னா உன் வழியாத்தான் வரணும். உனக்குப் போட்டா அது நமக்கு நிச்சயம். எனக்குப் போட்டா அது சூதாட்டம்."

"நான் வேலைய விட்டுடறேன்."

"விட்டா ரொட்டி வாங்கப் போகமாட்டியா? மறுபடி அந்த மாடி அறையில நீ கிடக்கறத என்னால பாக்க முடியாது. நீ கதவுக்குப் பின்னாடி நின்னு அழுவ. நான் படியில நின்னு அழுவேன்."

அவள் கையை நீட்டினாள். அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வது போலவே இருந்தது அவளுக்கு. பஞ்சை அழுத்திக்கொண்டு வேனை விட்டு இறங்கினாள். குப்பி காலியாகிவிட்டது என்று தெரிந்ததும் பின்னால் அழுகுரல் எழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் தங்க அவரிடம் இருந்த மாத்திரை போதாது. மறுநாள் காலை பாலத்தைக் கடந்து ஊர் திரும்பினார்கள். ஊசியால் வந்த காய்ச்சலோடு அவள் ஓட்டினாள். பின் இருக்கையில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்து வந்தார். அது ஊசியின் காய்ச்சல்தான் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். இருவருக்கும் அதில் முழு நம்பிக்கை இல்லை.

கோடை முடிவதற்குள் கரஜுக்கும் லாரி லாரியாக ஊசி வந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, இப்போது எப்படி வந்தது என்று எவரும் விளக்கவில்லை. இஸ்ஃபந்தியாருக்கு இரண்டு தவணை போட்டார்கள். பிறகு ரத்தத்தைச் சோதித்தால், மெக்ரி மருத்துவர் சொன்னதுதான் நடந்திருந்தது. ஊசி போட்ட அடையாளமே ரத்தத்தில் இல்லை. மஹ்ரோக் கூட்டத்தில் நிற்பதை விட்டாள், உறவினர் வீட்டு விசேஷங்களை விட்டாள், மாணவிகள் குளிரில் நடுங்கினாலும் ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டவைத்தாள்.

நோய் அவள் வழியாக வரவில்லை. குளிர்காலத்தில் இஸ்ஃபந்தியாரின் அண்ணன் மாதுளம்பழக் கூடையோடு வந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தம்பியைக் கட்டிக்கொண்டார். அந்த வார முடிவில் இஸ்ஃபந்தியாருக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் அவளை உள்ளே விடவில்லை. மஹ்ரோக் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து, வாசலில் வெள்ளைத் துணி மூடிய கட்டில் வரும்போதெல்லாம் துணிக்கு வெளியே தெரியும் பாதங்களைப் பார்த்தாள்.

அவர் பிழைத்தார். சிறுநீரகமும் தப்பியது, முன்பு செய்த வேலையில் பாதியைத்தான் இப்போது செய்கிறது. சக்கர நாற்காலியில் அவரை வெளியே தள்ளிவந்த ஊழியர், எங்கே இறக்கட்டும் என்று கேட்டபோது மஹ்ரோக் தலையால் காரைக் காட்டினாள். கார் சாவி கையிலேயே இருந்தது. அதைப் பையில் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா தேடு" என்றார் இஸ்ஃபந்தியார்.