கைதட்டல் தந்த தீர்ப்பு

வாசகரே, இதற்கு நீங்களே சாட்சி. இணையவழி அறிவியல் பாடநூல்களை உருவாக்கும் தென்காசி நிறுவனமொன்றில், பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். நேற்று திரையில் ஒரு பொத்தானை அழுத்தினேன். புவியீர்ப்புப் பாடத்தின் அசைபடத்தில் பெருங்கல்லும் சிறுகல்லும் ஒருசேர விழுந்து ‘தட்’டென்று ஒரே ஒலி எழுப்பின.

அவ்வொலி என்னை எட்டாம் வகுப்பு மேடைக்கு இழுத்துச் சென்றது. வெள்ளிதோறும் பள்ளியில் பட்டிமன்றம். கைதட்டல் மிகுந்தவருக்கே வெற்றி என்பது தலைமையாசிரியரின் வழக்கம். பெரிய கல்லே முதலில் விழும் என்பது என் கட்சி. சாரலில் நனைந்த சட்டைகளின் வாடை நிறைந்த கூடத்தில், நண்பன் காஜா எதிர்த்து எழுந்தான்.

“ஏலே, ரெண்டும் ஒண்ணாத்தாம்லே விழுது! குத்தாலத்துப் பாறை மேலருந்து நானே போட்டுப் பாத்தேன்.”

“யானையும் பூனையும் ஒன்றாக விழுமாம்! பூனையை இவர் பிடிப்பார். யானையைப் பிடிப்பது யார்?” என்றேன். கூடம் அதிர்ந்தது. வென்றேன். அதன்பின் காஜா வகுப்பில் கை உயர்த்தியதே இல்லை.

துபாயிலிருக்கும் அவனை உடனே அழைத்தேன்.

“அத இன்னுமா நெனச்சிக்கிட்டிருக்கே?” என்று சிரித்தான்.

“அடுத்த வாரம் நம்ம ஸ்கூல் ஆண்டுவிழாவுல பேசுதேன், காஜா. நீ சொன்னதுதாம்லே சரி, நாந்தான் தப்புன்னு, அதே மேடையில ஒம் பேரச் சொல்லிச் சொல்லுவேன்.”