மாப்பிள்ளைத் தட்டில் இரண்டு முட்டை

துபாயில் எல்லாம் கிடைக்கும். கீழக்கரையில் பிறந்தவன் எவனிடமாவது இதை மறுத்துப் பேசிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். முதல் ஆளாக நானே வருவேன். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் என் நண்பன் ஹாஜா முகைதீன் இரண்டு மாதமாக எங்கள் காதில் பூச்சுற்றினான்.

என் பெயர் ஸுஹைர். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கோபக்காரன் என்று ஊரில் பெயர். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஆனால் பொய் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர்க் கல்யாண விருந்தில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறியைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைக்க வேண்டும். அதற்குச் சஹன் என்று பெயர். நான், ஹாஜா, ஃபஹத், பர்வேஸ் நான்கு பேரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒரே சஹன். யார் வீட்டுக் கல்யாணமானாலும் எங்கள் நாலு பேருக்கு நடுவில் ஐந்தாவதாக ஒருத்தன் கை நீட்டிவிட முடியாது. அப்புறம் ஃபஹத் தோஹா போனான், பர்வேஸ் ரியாத் போனான், ஹாஜா துபாய் போனான். தாம்பாளத்துக்கு நான் ஒருத்தன் மட்டும் மிஞ்சினேன்.

அதனால் வாட்ஸ்அப்பில் 'சஹன்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தோம். சட்டம் ஒன்றுதான். ராத்திரி என்ன சாப்பாடோ அதை முதல் வாய் வைக்கும் முன் போட்டோ எடுத்துப் போட வேண்டும். அலங்காரம் கூடாது, பொய் கூடாது. பழைய சோறு என்றால் பழைய சோறு. கூடவே அன்றைக்கு நடந்த கதையையும் சொல்லலாம். பர்வேஸ் தட்டில் வருஷம் முழுக்க அரைக் கோழி இருக்கும். ஃபஹத்துக்கு டாக்டர் என்னவோ சொல்லிவிட்டதால் அவன் வெள்ளரிக்காய் போடுவான், நாங்கள் அவனைத் திட்டுவோம். என் மனைவி அஃபீஃபா தினமும் சோற்றுக் கரண்டியோடு நின்று, "பொண்டாட்டி சமைச்சது நல்லாருக்கான்னு ஒரு வார்த்த இல்ல, மூணு ஆம்பளைகளுக்குக் காட்டணும்னா மட்டும் வேகமா போனத் தூக்குறீக" என்பாள்.

ஹாஜா போடுவது குப்பூஸ் ரொட்டியும் பருப்பும். நாள் தவறாமல் அதேதான். அதையும் புதுப்பெண்ணைப் படம் பிடிப்பது மாதிரி வெளிச்சம் பார்த்துப் பிடிப்பான். "இன்னைக்குப் பருப்புல பூண்டு போட்டிருக்கேன் மச்சான்" என்று கீழே எழுதுவான். சாப்பாட்டுக்கென்றே பிறந்தவன். பாவம், அவனுக்கு வாய்த்தது ஆறு பேர் படுக்கும் ரூம்.

அதனால்தான் லீவில் ஊருக்கு வந்தால் அவன் மாமியார் வீட்டுச் சாப்பாடு அவனுக்குப் பெரிய விஷயம். எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டாள். வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே போக வேண்டும். ஹாஜாவின் மனைவி ருக்ஸானா என் பெரியம்மா ரம்ஜான் பீவியின் மகள். அந்த வீட்டில் மாப்பிள்ளைத் தட்டு என்று ஒன்று உண்டு. எந்தக் குழம்பாக இருந்தாலும் சோற்றின் மேலே இரண்டு அவித்த முட்டை இருக்கும். தோலை உரித்து, கத்தியால் கீறி, மஞ்சளும் மிளகுத்தூளும் தடவிப் பொரித்த முட்டை. அதைப் பெரியம்மாவே கொண்டுவந்து வைப்பார். மாப்பிள்ளையிடம் பேசுவது மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்துதான்.

அந்த முட்டைக்கு ஒரு பயங்கரமான சரித்திரமும் உண்டு. ஹாஜாவின் சகலை சதக், அதாவது ருக்ஸானாவுடைய அக்காவின் புருஷன், குவைத்தில் வேலை போய் ஊருக்கு வந்தார். அவரும் அதே வீட்டு மாப்பிள்ளைதான். முதல் மாதம் தட்டில் இரண்டு முட்டை. இரண்டாவது மாதம் ஒன்று. மூன்றாவது மாதம் பாதி. நான்காவது மாதம் பையைக் கையில் கொடுத்து முட்டை வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். இதைச் சதக் மச்சானே சிரித்துக்கொண்டுதான் எல்லோரிடமும் சொல்வார். ஹாஜா மட்டும் அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ரமலானுக்குச் சில வாரம் முன்பிருந்து ஹாஜாவின் தட்டு திடீரென்று தேறிவிட்டது. ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. மறுநாள் வாழை இலையில் சுடச்சுடப் பரோட்டா. அதற்கு மறுநாள் அவித்த பனங்கிழங்கு. "ஏலே, பனங்கிழங்கு ஏதுடா?" என்று ஃபஹத் கேட்டான். எனக்கு வந்ததே கோபம். "துபாய்ல எல்லாம் கிடைக்கும்டா, ஒங்க தோஹா மாதிரியா?" என்று ஹாஜாவுக்கு முன்னால் நான் பதில் போட்டேன். பதநீர் வந்த அன்றைக்கு மட்டும் எனக்கே லேசாக உறுத்தியது. ஆனால் துபாய் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

நோன்பு வந்தது. சஹன் குரூப்பில் நோன்பு திறக்கும் படமாகப் போட ஆரம்பித்தோம். இங்கே நாங்கள் திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் துபாயில் திறப்பார்கள். ஹாஜாவின் நோன்புக் கஞ்சியும் தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும். படம் மட்டும் ஏனோ கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். நான் கவனிக்கவில்லை.

பிறை விஷயத்தில் வளைகுடா எப்போதும் எங்களுக்கு ஒருநாள் முந்தி. நோன்பு மாதத்தின் கடைசியில் ஒருநாள் அங்கே எல்லாம் பெருநாள், எங்களுக்கு இன்னும் நோன்பு. காலையிலேயே பர்வேஸ் புதுச்சட்டையோடு படம் போட்டான். ஃபஹத் பிரியாணி போட்டான், டாக்டரை மறந்துவிட்டான். ஹாஜாவும் யாருடைய பிரியாணியையோ போட்டு, 'ஈத் முபாரக் மச்சான்களா' என்று எழுதினான்.

சாயங்காலம் எங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கஞ்சியைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. சஹன் குரூப்பில் ஹாஜா. தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி, காகிதத்தில் இரண்டு வடை. கீழே, 'அல்ஹம்துலில்லாஹ், நோன்பு தொறந்தாச்சு.'

ரியாத்திலிருந்து பர்வேஸ் துள்ளினான். "ஏலே, பெருநாளன்னைக்கு நோன்பு வச்சியாடா? ஹராம்டா!"

படம் சட்டென்று காணாமல் போனது. 'பழைய போட்டோ மச்சான், கை தவறி வந்துருச்சு' என்று வந்தது.

துபாயில் எல்லாம் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். பெருநாள் அன்றைக்கு நோன்பு கிடைக்காது. அங்கே கிடைக்காத ஒரே பொருள் அதுதான். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு அவனுக்கு வாட்ஸ்அப்பிலேயே கால் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"துபாய்லதான் மச்சான். வேற எங்க இருப்பேன்?"

பின்னால் தோசைக்கல்லில் டக டக டக என்று கொத்துப் பரோட்டாச் சத்தம். சரி, அதுவும் துபாயில் கிடைக்கும். அப்போது ஒரு குரல், "அண்ணே, கடலாடி பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டது.

"இப்பத்தான்யா போச்சு. அடுத்தது ஏழரைக்கு" என்றான் ஹாஜா. அவன் சுபாவம் அப்படி. யார் என்ன கேட்டாலும் உதவி செய்யாமல் இருக்க மாட்டான்.

காதிலிருந்து போனை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

"ஏலே நாசமாப் போனவனே, துபாய்ல இருந்து நம்ம கடலாடிக்கு எப்பலேருந்துடா பஸ் விடுறாய்ங்க?"

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. சாயல்குடியில் இருக்கிறானாம். துபாயில் அவனோடு ஒரே ரூமில் இருந்த சேதுராமன் ஊருக்கு வந்து பரோட்டாக் கடை போட்டிருக்கிறார். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று இவன் விமானம் ஏறி, வீட்டுக்குப் போகக் கால் வராமல் நேரே அங்கே போய்விட்டான்.

நான் பைக்கை எடுத்தேன். கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரைச் சாலையில் தனியாகக் கத்திக்கொண்டே போனேன். எத்தனை கருவாடு, எத்தனை கிழங்கு! அவனுக்காக நான் தோஹாவையே அவமானப்படுத்தியிருக்கிறேன்! வழியில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை தெரிந்துவிட்டது, நாளைக்குப் பெருநாள் என்றார்கள். நாளும் கிழமையுமாக என்னை இப்படி அலைய விட்டுவிட்டானே என்று இன்னும் கூடக் கோபம் வந்தது.

கடையில் போய்ப் பார்த்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாஜா மேஜை துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவ்வளவு தூரம் சேர்த்து வைத்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"வேல போனதுகூடப் பெருசில்ல மச்சான்" என்றான். "அந்தத் தட்டுல முட்ட ஒண்ணா கொறையிற அன்னைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்? வேற வேல கெடச்சதும் துபாய்ல இருந்து வர்ற மாதிரியே வந்துரலாம்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது சிரிக்க முடியவில்லை.

சேதுராமன் கரண்டியோடு வந்தார். "கூட்டிட்டுப் போங்க பாய். பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கியாந்து ஒரு நோன்பு விடாம வச்சான். நல்ல மனுசன். ஆனா சாப்புட வர்றவுக தட்டையெல்லாம் போட்டோ எடுக்குறான், அதான் ஒரு மாதிரியா பாக்குறாக."

வெறுங்கையோடு மாமியார் வீட்டுக்கு எப்படி என்று ஹாஜா இழுத்தான். துபாய்ப் பெட்டி காலியாக இருந்தது. சேதுராமன் அதில் ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியை வைத்துப் பூட்டிக் கொடுத்தார். பைக்கில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு வரும்போது, ஏர்போர்ட்டில் நான்தான் போய் அழைத்து வந்தேன் என்று சொல்லுமாறு கெஞ்சினான். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "வாங்க மாப்ள, இப்பத்தான் எறங்குனீங்களா?" என்று பெரியம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். ஹாஜா தலையை ஆட்டினான். பெட்டியை உள்ளே கொண்டுபோய்த் திறந்தார்கள். பெரியம்மாவின் குரல்தான் முதலில் வந்தது.

"துபாய்ல இப்பக் கருப்பட்டியும் கிடைக்குதா மாப்ள?"

"துபாய்ல எல்லாம்…" என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுப்படி வாசலில் ருக்ஸானா நின்றிருந்தாள். நான் அவளுக்கு அண்ணன் முறை, எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "காக்கா, துபாய்ல இருந்து இந்த வாட்ஸ்அப்ல கால் போட்டா போகவே போகாது, அங்க அதுக்குத் தடை. வேற ஆப்லதான் பேசுவாக, அதும் நாலு வார்த்தைக்கு ஒருக்கா கட்டாகும். இப்ப ரெண்டு மாசமா இதுலயே, பக்கத்துத் தெருல இருந்து பேசுற மாதிரி பேசுறாக. எனக்குத் தெரியாதா? உம்மாட்டயும் அப்பவே சொல்லிட்டேன்."

செல்போன் கடை வைத்திருக்கிறேன் நான்! அன்றைக்குச் சாயங்காலம் நானே கால் போட்டு, முதல் மணியில் எடுத்ததையும் கேட்டிருக்கிறேன்!

"அப்பறம் ஏன் நீ அவன்ட்ட கேக்கல?" என்றேன்.

"கேட்டா வேற ஒரு பொய்ய யோசிக்கணும்ல அவுக. நோன்பு வேற. பாவம்" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். ஹாஜா, சதக் மச்சான், நான். பெரியம்மா தட்டைக் கொண்டுவந்து ஹாஜா முன்னால் வைத்தார். சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். முட்டை இல்லை. ஒன்று இல்லை, பாதி இல்லை, முட்டையே இல்லை. ஹாஜாவின் கை சோற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அவன் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். பெரியம்மா என்றுகூடப் பார்க்காமல் கத்திவிடலாம் என்று எழுந்தேவிட்டேன்.

"உக்காரு ஸுஹைரு" என்றார் பெரியம்மா. பிறகு ஹாஜாவைப் பார்த்தார். இத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னாலிருந்து பேசியவர் அன்றைக்குத்தான் நேரே பார்த்துப் பேசினார். "முட்டைய எடுத்து வைக்கிறதெல்லாம் லீவுல வந்துட்டுப் போற விருந்தாளிக்கு மாப்ள. நீங்க இனி இங்கனதான இருக்கப் போறீங்க. சட்டி அடுப்படில இருக்கு. வேணுங்கறத நீங்களே எடுத்துப் போட்டுக்கிருங்க."

ஹாஜா எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். சதக் மச்சான் அவன் தோளைத் தட்டி, "எந்திரிங்க சகல. அடுப்படிக்குள்ள போக எனக்கு நாலு மாசம் ஆச்சு. ஒங்களுக்கு மொத நாளே ப்ரமோஷன்" என்றார். அடுப்படிக்குள்ளிருந்து ருக்ஸானா சிரிப்பது கேட்டது. ஹாஜா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை. முட்டை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. நாங்களும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தவன் தட்டில் இரண்டு முட்டை. போனை எடுத்து வெளிச்சம் பார்த்துப் படம் பிடித்தான். சஹன் குரூப்பில் உடனே பர்வேஸ் வந்தான். "ஏலே, முட்ட! இதுவும் துபாய்லயா? எந்த ஓட்டல்?"

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டை 'மாமியார் வீடு' என்பதைத் தவிர வேறு மாதிரி சொல்லி அறியாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

'எங்க வீடு.'

ஃபஹத்தும் பர்வேஸும் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பினார்கள். நான் மட்டும் ஒரு பதிலும் போடவில்லை. சட்டியில் மொத்தமே மூன்று முட்டைதான் அவித்திருந்தார்களாம். ஆளுக்கு ஒன்று. அந்த இரண்டில் ஒன்று என்னுடையது.